கான்பெரா 100: பிறந்தநாள் கொண்டாடிய நகரமும், லக்னோவில் உறங்கும் அதன் சிற்பியும்

2020 டிசம்பர் 2. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜன், இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டியில் பந்து வீசிய நாள். லபுஷேனின் ஸ்டம்ப் சாய்ந்த அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்போம். மேட்ச் நடந்த மைதானம் மனுகா ஓவல். ஊர், ஆஸ்திரேலியாவின் தலைநகரம் கான்பெரா.

மனுகா என்பது ஒரு செடியின் பெயர். நியூசிலாந்தில் அதிகம் வளரும். ஆஸ்திரேலியத் தலைநகரின் ஒரு பகுதிக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு அமெரிக்கரின் வரைபடத்திலிருந்து. பெயர் வால்டர் பர்லி கிரிஃபின். சிகாகோவில் உட்கார்ந்து, நேரில் பார்த்தே இராத ஒரு நிலத்துக்கு நகரம் வரைந்தவர். அந்த நகரம் 2013-ல் தன் நூற்றாண்டை ஒரு வருஷம் முழுக்கக் கொண்டாடியது. அப்போது கிரிஃபின் இறந்து 76 வருஷம் ஆகியிருந்தது. அவருடைய கல்லறை ஆஸ்திரேலியாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. நம்ம உத்தரப் பிரதேசத்தில், லக்னோவில் இருக்கிறது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. கான்பெரா தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது மார்ச் 12. 1913-ல் அந்த நாளில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த விழாவில் கிரிஃபின் இல்லை. அன்றைக்கு அரசாங்கத்தின் கையில் இருந்த வரைபடமும் அவருடையது இல்லை!

சரி, முதலில் இருந்து வருவோம்.

இரண்டு ஊர் சண்டையில் பிறந்த மூன்றாவது ஊர்

1901-ல் ஆறு காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா என்ற ஒரே நாடானது. தலைநகரம் எது? சிட்னி தனக்கு வேண்டும் என்றது, மெல்போர்னும் விடவில்லை. கடைசியில் அரசமைப்புச் சட்டத்திலேயே ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு எழுதினார்கள். தலைநகரம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் இருக்கும். ஆனால், சிட்னியில் இருந்து குறைந்தது 100 மைல் தள்ளி இருக்க வேண்டும். கட்டி முடிக்கும்வரை நாடாளுமன்றம் மெல்போர்னில் நடக்கும். இரண்டு பேருக்கும் அரை சந்தோஷம்.

தேர்வானது ஆடு மேய்க்கும் புல்வெளிகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் மோலாங்லோ என்ற சின்ன ஆறு. காலி நிலம் என்றுதான் அன்றைய அதிகாரிகள் நினைத்தார்கள். உண்மையில் அந்தப் பகுதியில் 20,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்ததற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. நுன்னவால் மக்களின் கண்ணில் பார்த்தால் 'நூற்றாண்டு' என்பது நேற்று சாயங்காலம் மாதிரிதான்.

1911-ல் நகரத்தை வடிவமைக்க உலக அளவில் ஒரு போட்டி அறிவித்தார்கள். அதிலும் தகராறு. வெற்றியாளரை இறுதியாக முடிவு செய்யும் அதிகாரம் ஓர் அமைச்சரிடம் இருந்ததால், பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அமைப்பு போட்டியைப் புறக்கணித்தது. அந்த அமைச்சர் கிங் ஓ'மாலி. 'கிங்' பட்டம் இல்லை, பெயரே அதுதான். மது பக்கமே போகாதவர். அவர் புண்ணியத்தில் கான்பெராவில் 1928 வரை மது விற்பனைக்கே தடை இருந்தது.

புறக்கணிப்பையும் மீறி வந்தவை 137 வடிவங்கள். அவற்றில் 29-ஆம் எண் சிகாகோவில் இருந்து வந்தது.

மேஜையின் இரண்டு பக்கம்

கிரிஃபின் 1876-ல் சிகாகோவுக்குப் பக்கத்தில் மேவுட் என்ற ஊரில் பிறந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்து 1899-ல் வெளியே வந்தார். கட்டடம் மட்டும் அல்ல, செடி, மரம், நில அமைப்பு என்று எல்லாவற்றிலும் ஆர்வம். 1901-ல் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் ஸ்டூடியோவில் சேர்ந்தார். அமெரிக்கக் கட்டடக் கலையில் ரைட் ஒரு சூப்பர் ஸ்டார். சூப்பர் ஸ்டார்களிடம் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜப்பான் பயணத்துக்காக கிரிஃபினிடம் கடன் வாங்கிய ரைட், திரும்பி வந்ததும் பணத்துக்குப் பதிலாக ஜப்பானிய ஓவிய அச்சுகளைக் கொடுத்தார். கொஞ்ச நாளில் கிரிஃபின் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதே ஸ்டூடியோவில் இருந்தவர் மேரியன் மஹோனி. கிரிஃபினைவிட ஐந்து வயது மூத்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், கட்டடக் கலைப் பட்டம் பெற்ற இரண்டாவது பெண். உரிமம் பெற்று இந்தத் தொழில் செய்த உலகின் முதல் சில பெண்களில் ஒருவர். ரைட்டின் பெயரில் புகழ்பெற்ற பல ஓவியங்களை வரைந்த கை இவருடையதுதான். ஜப்பானிய ஓவியம் போல மரங்களும் வீடும் ஒன்றாகக் கலந்த அந்த ஸ்டைலுக்கு இன்றைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். பாராட்டு மட்டும் முதலாளி பெயரில் போனது.

1911 ஜூனில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த சில மாதங்களில் கான்பெரா வேலை.

கிரிஃபின் தள்ளிப்போடும் ரகம். கெடு நெருங்க நெருங்க மேரியன்தான் அவரைப் பிடித்து உட்காரவைத்தார் என்பது அவரே பின்னாளில் எழுதிவைத்த நினைவுக் குறிப்பிலிருந்து தெரிகிறது. ஆஸ்திரேலிய அரசு அனுப்பிய நில வரைபடமும் இயற்கைக் காட்சி ஓவியங்களும்தான் அவர்களுக்குக் கிடைத்த தகவல். அதை வைத்து கிரிஃபின் நகரத்தை யோசித்தார். மேரியன் அதைத் துணியில், மையும் வண்ணமும் கொண்டு, பெரிய பெரிய சித்திரங்களாக வரைந்தார். எய்ன்ஸ்லி மலை உச்சியில் நின்றால் நகரம் எப்படித் தெரியும் என்று காட்டும் மூன்று பலகைச் சித்திரம் அதில் உச்சம். பொன்னிற மலைகள், நடுவே நீர், நேர்கோட்டில் ஓடும் அகலமான சாலை. அந்த மலையில் இருவருமே அதுவரை கால் வைத்ததில்லை.

போட்டிக்கு வந்த மற்ற பலர் மலைகளை இடைஞ்சலாகப் பார்த்தார்கள். கிரிஃபின் மலைகளையே நகரத்தின் எலும்புக்கூடு ஆக்கினார். எய்ன்ஸ்லி மலையில் இருந்து தெற்கே ஒரு நேர்கோடு. அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு கோடு, நீர் கோடு. ஆற்றை அணை போட்டுத் தேக்கி அந்தக் கோட்டில் ஏரிகள். ஏரியின் தென்கரையில் அரசு அலுவலகங்கள், வடகரையில் மக்களின் ஊர். எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய முக்கோணம். அதன் உச்சியில், குன்றின் மேல், நாடாளுமன்றத்தை வைக்கவில்லை. மக்களின் சாதனைகளுக்கான ஒரு பொதுக் கட்டடத்தை வைத்தார். நாடாளுமன்றம் அதற்குக் கீழே. யார் முதலாளி என்று நகரமே சொல்ல வேண்டும் என்பது ஐடியா. 1912 மே மாதம், 29-ஆம் எண்ணுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். பரிசு 1,750 பவுண்டு. அறிவிப்பில் இருந்தது ஒரே ஒரு பெயர்: வால்டர் பர்லி கிரிஃபின்.

பரிசு உனக்கு, பிளான் எனக்கு

இனிமேல்தான் நம்ம ஊரில் டெண்டர் செய்தி படிப்பவர்களுக்குப் பழக்கமான பகுதி.

பரிசு கொடுத்த கையோடு, வடிவத்தை ஆராய அதிகாரிகள் குழு ஒன்றைப் போட்டார்கள். செலவு அதிகம் என்றது குழு. பரிசு பெற்ற வடிவங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, தாங்களே ஒரு பிளான் போட்டுக் கொடுத்தார்கள். அரசும் அதை ஏற்றுக்கொண்டது. விஷயம் தெரிந்த கிரிஃபின், என்னை அழைத்தால் நேரில் வந்து விளக்குகிறேன் என்று அமெரிக்காவில் இருந்து ஓ'மாலிக்குக் கடிதம் எழுதினார். அழைப்பு வரவில்லை.

1913 மார்ச் 12 விழா நடந்தது இந்தப் பின்னணியில்தான். கவர்னர் ஜெனரல் டென்மன், பிரதமர் ஆண்ட்ரூ ஃபிஷர், அமைச்சர் ஓ'மாலி மூவரும் ஆளுக்கொரு கல்லை நாட்டினார்கள். அங்கே எழுவதாக இருந்த நினைவுத் தூண் கடைசிவரை எழவே இல்லை. நகரத்தின் பெயர் அந்த நிமிஷம் வரை ரகசியம். பெயர் சொல்லச் சொல்லி மக்களிடம் கேட்டபோது ஷேக்ஸ்பியர் என்றார்கள், ஒலிம்பஸ் என்றார்கள். எல்லா மாநிலத் தலைநகரங்களின் முதல் அசைகளையும் கோத்து வாயில் நுழையாத ஒரு பெயரையும் அனுப்பியிருந்தார்கள். கவர்னர் ஜெனரலின் மனைவி லேடி டென்மன் அட்டையைத் திறந்து படித்தது, அந்த இடத்தை உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே அழைத்து வந்த பெயரைத்தான். அவர் முதல் அசையை அழுத்திச் சொன்னார். உச்சரிப்பும் அப்படியே நிலைத்துவிட்டது. அந்தச் சமயத்தில் கிரிஃபினும் மேரியனும் சிகாகோவில் இருந்தார்கள்.

சில மாதங்களில் ஆட்சி மாறியது. புது அரசு கிரிஃபினை வரவழைத்தது. 1913 ஆகஸ்டில் சிட்னியில் இறங்கினார். அக்டோபரில் தலைநகர வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் இயக்குநர் ஆனார். அதிகாரிகள் குழுவும் கலைக்கப்பட்டது. ஆனால், ஆட்கள் அதே நாற்காலிகளில் இருந்தார்கள். தகவல் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் சரியாக இருக்காது. உலகப் போர் வந்து பணமும் வற்றியது. 1917-ல் ஒரு விசாரணை ஆணையம், கிரிஃபினின் வேலைக்கு முட்டுக்கட்டை போட்டார்கள் என்பதை உறுதி செய்தது. அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை. 1920-ல் அவர் பதவியை எடுத்துவிட்டு ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். அதில் ஓர் உறுப்பினராக இருக்கலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார்.

ஏழு வருஷ உழைப்பில் மிஞ்சியது சில முக்கியச் சாலைகளின் கோடுகளும், நட்ட மரங்களும். கட்டடம் என்று பார்த்தால் தலைநகரின் திட்டத்தில் அவர் கட்டியது ஏறக்குறைய எதுவுமே இல்லை. ஒரே ஒரு நல்லது நடந்தது. 1925-ல் அவருடைய சாலை வரைபடத்தை அரசிதழில் வெளியிட்டுச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள்.

மெல்போர்ன், சிட்னி, லக்னோ

இருவரும் ஆஸ்திரேலியாவை விட்டுப் போகவில்லை. மெல்போர்னில் நியூமன் கல்லூரி, 1924-ல் கேப்பிட்டல் தியேட்டர். அந்த தியேட்டரின் கூரை படிகக் குகை மாதிரி இருக்கும், வண்ண விளக்குகள் உள்ளிருந்து எரியும். மொபைலில் தேடிப் பாருங்கள், கண்ணை எடுக்க முடியாது. சிட்னியில் காசில்கிராக் என்ற குடியிருப்பை உருவாக்கி, பாறையையும் மரத்தையும் வெட்டாமல் வீடுகள் கட்டினார்கள். நியூ சவுத் வேல்ஸில் கிரிஃபித் என்ற ஊரையும் வடிவமைத்தார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அவர் பெயர் இல்லை, ஆர்தர் கிரிஃபித் என்ற அமைச்சரின் பெயர்! 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை குறைந்தபோது, குப்பை எரிக்கும் ஆலைகளை வடிவமைத்துத்தான் பிழைப்பு நடந்தது. அவற்றையும் கோயில் போல அழகாகக் கட்டினார் என்பதில்தான் ஆள் யாரென்று தெரிகிறது.

1935-ல் இந்தியாவில் இருந்து ஒரு வாய்ப்பு. லக்னோ பல்கலைக்கழகத்துக்கு நூலகம் வடிவமைக்க வேண்டும். 58 வயதில் கப்பல் ஏறினார். வந்த இடத்தில் வேலை குவிந்தது. மஹ்மூதாபாத் ராஜாவுக்கு ஒரு நூலகம், 'பயோனியர்' பத்திரிகைக்குக் கட்டடம், ஐக்கிய மாகாணங்களின் தொழில், வேளாண் கண்காட்சிக்கு அரங்குகள். 1936-ல் மேரியனும் வந்து சேர்ந்தார். இந்தியக் கட்டடக் கலை கிரிஃபினை அப்படியே இழுத்துக்கொண்டது. கான்பெரா கொடுக்காததை லக்னோ 15 மாதங்களில் கொடுத்தது: அவரை நம்பி, அவரையே வரையவிட்ட மனிதர்கள்.

1937 பிப்ரவரியில் பித்தப்பை அறுவை சிகிச்சை. அதற்குப் பின் வயிற்றில் பரவிய தொற்று. 11-ஆம் தேதி இறந்துபோனார், வயது 60. லக்னோவின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். சுமார் ஐம்பது ஆண்டுகள் அந்த இடத்தில் பெயர் எழுதிய கல்கூட இல்லை. நூலகங்கள் உள்பட லக்னோ வடிவங்களில் பெரும்பாலானவை காகிதத்திலேயே நின்றுவிட்டன.

மேரியன் லக்னோ வேலைகளை ஒழுங்குபடுத்திவிட்டு சிகாகோ திரும்பினார். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நினைவுக் குறிப்பை எழுதினார், வாழ்நாளில் அச்சாகவில்லை. 1961-ல் இறந்தார்.

ஏரி வந்தது, பெயரும் வந்தது (கொஞ்சம் தப்பாக)

1950-கள் வரை கான்பெரா ஒரு பெரிய கிராமம். நாடாளுமன்றம் 1927-லேயே வந்துவிட்டது, ஆனால் அதைச் சுற்றிப் புல்தான். 1955-ல் ஒரு செனட் குழு, கிரிஃபினின் திட்டத்தில் இருந்து நகரம் விலகிப் போய்விட்டது என்று சுட்டிக்காட்டியது. பிரதமர் ராபர்ட் மென்சீஸ் பணம் ஒதுக்கினார். 1963-ல், நகரத்தின் 50-வது வருஷத்தில், அணையின் மதகுகளை மூடினார்கள். மழை பொய்த்ததால் ஏரி நிரம்ப அடுத்த ஏப்ரல் ஆகிவிட்டது. மேரியன் இறந்து மூன்று வருஷம் தாண்டவில்லை.

அதற்கு 'பர்லி கிரிஃபின் ஏரி' என்று பெயர். பர்லி என்பது அவருடைய குடும்பப் பெயரின் பகுதி என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அது நடுப்பெயர்தான். ஏரியைத் தாங்கி நிற்கும் அணைக்கு சார்ல்ஸ் ஸ்கிரிவனர் பெயர். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த திறமையான நில அளவையாளர் அவர், மறுக்கவில்லை. ஆனால், கிரிஃபின் திட்டத்தை ஓரங்கட்டிய அதிகாரிகள் குழுவிலும் அவர் இருந்தார். இன்றைக்கும் கிரிஃபினின் ஏரி ஸ்கிரிவனரின் அணையில்தான் சாய்ந்திருக்கிறது.

1988-ல் புதிய நாடாளுமன்றம் வந்தது. கிரிஃபின் மக்களுக்காக ஒதுக்கிய அதே குன்றில். மக்கள் மேலே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடாமல், கட்டடத்தின் தலைக்கு மேல் புல் போட்டார்கள். மக்கள் தங்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேலே நடக்கலாம் என்பதுதான் எண்ணம். பாதி நியாயம்.

2013: ஒரு வருஷக் கொண்டாட்டம்

நூற்றாண்டு வந்தபோது நகரத்தில் ஏறக்குறைய 3.8 லட்சம் பேர். கிரிஃபின் கணக்குப் போட்டது 25,000-ல் ஆரம்பித்து 75,000 வரை. பாடகியும் கலை இயக்குநருமான ராபின் ஆர்ச்சரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். மார்ச் 11, திங்கள்கிழமை, 'கான்பெரா தினம்' பொது விடுமுறை. ஏரியைச் சுற்றி நாள் முழுக்க இசை, கூட்டம், ராத்திரி வாணவேடிக்கை. அணை வருவதற்கு முன்பு அந்த இடத்தில் ஆடு மேய்ந்தது.

மே மாதம் வந்த 'ஸ்கைவேல்' இல்லாமல் இந்தக் கதை முழுமை பெறாது. கலைஞர் பட்ரீசியா பிச்சினினி உருவாக்கிய பிரம்மாண்ட வெப்பக் காற்று பலூன். திமிங்கிலமும் ஆமையும் கலந்தது போன்ற ஒரு உயிரினம், பக்கவாட்டில் தொங்கும் பெரிய பெரிய மார்புகள். அரசுப் பணம் சில லட்சம் டாலர் இதற்கா என்று ஊரே கொதித்தது. கேலிப் படங்கள் பறந்தன. இப்போது அதே பலூன் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் சொத்து. பறக்கும்போது குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதைவிட அமைதியான ஒன்று. 2013 பிப்ரவரியில் நூற்றாண்டுக்காக தேசிய மரத் தோட்டத்தைத் திறந்தார்கள். 2003 காட்டுத்தீயில் எரிந்துபோன நிலம் அது. ஆனால், அதன் எல்லைக்குள் ஒரு பழைய தோப்பும் இருக்கிறது. பாட்டில் மூடிக்கான தக்கை தரும் ஓக் மரங்கள். 1917-ல், அதிகாரிகளோடு கிரிஃபின் மல்லுக்கட்டிக் கொண்டிருந்த காலத்தில், அவருடைய முயற்சியால் விதை வரவழைத்து நட்டவை. அவர் வரைந்த திட்டத்திலும் இப்படி ஒரு மரத் தோட்டம் இருந்தது.

அதே வருஷம் தேசிய ஆவணக் காப்பகம் 29-ஆம் எண்ணின் மூலச் சித்திரங்களை எடுத்துக் காட்சிக்கு வைத்தது. வரைந்த கை யாருடையது என்று இந்த முறை மறைக்கவில்லை.

இன்னொரு தற்செயல். 1913-ல் விழா மேடையில் பெண்ணுக்குக் கிடைத்த வேலை, பெயரைப் படிப்பது. நூற்றாண்டு வந்த மார்ச் மாதத்தில் நாட்டின் கவர்னர் ஜெனரல் குவென்டின் பிரைஸ், பிரதமர் ஜூலியா கில்லார்ட், கான்பெரா பகுதியின் முதல்வர் கேட்டி கல்லாகர். மூன்று பேரும் பெண்கள்.

அந்த வருஷம் எய்ன்ஸ்லி மலை உச்சியில் இருக்கும் காட்சி மேடைக்கு 'மேரியன் மஹோனி கிரிஃபின் வியூ' என்று பெயர் வைத்தார்கள். கான்பெரா போனால் எல்லா டூரிஸ்ட்டும் ஏறும் இடம். அங்கே நின்று செல்ஃபி எடுத்தால் பின்னால் தெரியும்: நேராக ஓடும் சாலை, ஏரி, அந்தப் பக்கம் நாடாளுமன்றம், அதற்கும் பின்னால் நீல மலைகள். 1911 குளிர்காலத்தில் சிகாகோவில், இந்த இடத்தைப் பார்க்காமலே துணியில் அவர் வரைந்த காட்சி, கிட்டத்தட்ட அப்படியே.